ஜுவைரியா படகின் இடது பக்கம்

செவ்வந்திக்கு வயது இருபத்தொன்பது. இதுவரை அவள் தொடங்கிய படங்கள் நாற்பதுக்கு மேல் இருக்கும். முடித்தவை மூன்று.

அந்த மூன்றில் ஒன்றை, பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார் பக்கத்திலேயே நின்று முடிக்க வைத்தார். இன்னொன்று அத்தை மகள் கல்யாணத்துக்கு மணமேடையின் பின்னால் வைத்த மயில். முகூர்த்தம் நெருங்கிவிட்டதால் ஓடிப்போக வழியில்லை. மூன்றாவது, கமுதியில் ஒரு கோழிக்கடைச் சுவர். அதில் கோழிக்கு ஒரு கால்தான் இருக்கும். பார்க்கிறவர்கள் இன்னொரு காலை அது தூக்கி வைத்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள் என்பதால், அதையும் முடித்த கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

மிச்சமெல்லாம் பாதியில் நின்றவை. கை ஓடாமல் நின்றதில்லை. கை ஓடிக்கொண்டேதான் இருக்கும். யாராவது வந்து பின்னால் நின்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார்கள். அவ்வளவுதான், பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிடுவாள்.

மதுரையில் ஓவிய டிப்ளமோ படித்தபோது கடைசி வருடம் கண்காட்சி வைத்தார்கள். காலையில் அவள் படங்களின் முன்னால் ஆசிரியர் ஒருவர் வந்து நின்றார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நகர்ந்தார். மத்தியானத்துக்குள் அவள் சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. அவர் ஏன் கடிகாரத்தைப் பார்த்தார் என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. அவர் மனதில் என்ன நினைத்தார் என்பது அவளுக்கு வரி வரியாகத் தெரிந்திருந்தது. டிப்ளமோவும் பாதியில் நின்றது.

பிறகு ராமநாதபுரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடை. பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் பின்னறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வடிவமைத்துத் தருவாள். வேலை சுத்தமாக இருக்கும். காதில் எப்போதும் ஹெட்போன் மாட்டியிருப்பாள். அதில் பாட்டு ஓடாது. யாரும் பேச வரக்கூடாது என்பதற்காக மாட்டியது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவாள்.

கடையின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொள்பவள் சுஹா. மண்டபம் ஊர்க்காரி. பத்து வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் வந்து பத்து விதமாகக் கத்தினாலும் பத்துப் பேரையும் சிரிக்க வைத்து அனுப்புகிறவள். அவளுக்குச் செவ்வந்தியிடம் பேசுவது ஒரு விசித்திரமான அனுபவம். "டீ சொல்லவா?" என்று கேட்டால் செவ்வந்தி முகத்தைத் தூக்கிக்கொண்டு "வேண்டாம்" என்பாள். ஏனென்றால், சுஹா வாயைத் திறப்பதற்கு முன்பே செவ்வந்தி மனதுக்குள் அவளோடு மூன்று சுற்றுப் பேசி முடித்திருப்பாள். மூன்றாவது சுற்றில் சுஹா ஏதோ குத்தலாகச் சொல்லியிருப்பாள். அந்தக் கோபத்தில்தான் டீ வேண்டாம் என்பது.

சில சமயம் இரண்டு மூன்று நாள் ஆளே இருக்க மாட்டாள். போன் அணைந்திருக்கும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பாள். அணைத்த போனை அவ்வப்போது ரகசியமாகப் போட்டு, யார் கூப்பிட்டார்கள் என்று பார்ப்பாள். யாரும் கூப்பிடவில்லை என்றால், யாருக்கு நான் வேண்டும் என்று அணைத்துவிடுவாள். கூப்பிட்டிருந்தால், திட்டத்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று அணைத்துவிடுவாள். இரண்டு வழியிலும் கதவு சாத்தியபடியேதான் இருந்தது.

இந்த வருடம் மே மாதம் அப்படி அவள் இல்லாத ஒரு நாளில், கல்யாண பேனர் ஒன்றைத் தேடி சுஹா பின்னறைக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். பேனர் கிடைக்கவில்லை. கோடுகள் கிடைத்தன. கடல் நீரோட்டம் ஒன்றோடொன்று பின்னிப் பிரிவதுபோல நூற்றுக்கணக்கான கோடுகள். நீலத்தில் தொடங்கி, ஓரத்தில் போகப் போக, களத்தில் காயப்போட்ட குண்டு மிளகாயின் சிவப்பாக மாறின. சுஹா அதைப் போனில் படம் பிடித்தாள். அன்று சாயங்காலமே மண்டபத்தில் தன் தாய்மாமா சீனி முகம்மதுவின் முன்னால் நீட்டினாள்.

சீனி முகம்மது பல வருடம் சவூதியின் தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். சேர்த்த காசையெல்லாம் போட்டு ஒரு விசைப்படகு கட்டிக்கொண்டிருந்தார். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் பதினான்கோடு முடிகிறது. பதினைந்தாம் தேதி விடியலில் துறையில் உள்ள படகெல்லாம் கடலுக்குப் போகும். அதற்குள் புதுப் படகு தயாராக வேண்டும். மகள் பெயரையே படகுக்கு வைத்திருந்தார்: ஜுவைரியா. படகின் முன்முனையை அணியம் என்பார்கள். அதன் இரண்டு பக்கமும் பெயர் எழுத வேண்டும். உயிருள்ள எதையும் வரைய வேண்டாம், வீட்டில் விரும்ப மாட்டார்கள், மற்றபடி பெயரைச் சுற்றி என்ன வேண்டுமானாலும் போடட்டும் என்றார்.

செவ்வந்தி மாட்டேன் என்றுதான் சொன்னாள். சுஹா அதைக் கேட்காததுபோலப் பெயிண்ட் வாங்கிவிட்டாள்.

மண்டபம் வடக்குத் துறையில் படகு கட்டும் இடத்துக்கு முதல் நாள் போனபோது செவ்வந்திக்கு ஆச்சரியமாக இருந்தது. அங்கே ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் வெல்டிங், இன்னொரு பக்கம் இழைப்புளி, எங்கே திரும்பினாலும் சுத்தியல் சத்தம். தடைக்காலம் முடியப் போகிறது என்ற பதற்றத்தில் ஊரே படகுகளின் மேல் ஏறி நின்றது. துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சாரத்தில் ஏறி வலது பக்கத்தில் முதல் கோட்டை இழுத்தாள்.

கோடு ஓடியது. எனாமல் பெயிண்ட் மரத்தில் இப்படி வழுக்கிக்கொண்டு போகும் என்று அவளுக்குத் தெரியாது. எழுத்துகளின் வால்கள் நீரோட்டமாக நீண்டன. நீரோட்டங்கள் சுழித்து அடுத்த எழுத்தைத் தூக்கிப் பிடித்தன. காலையில் ஏறினால் பொழுது சாயும்வரை இறங்க மனம் வரவில்லை. சுஹா வீட்டிலிருந்து வந்த சோற்றை நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டாள். சுவரைத் தேடித் திரும்பி உட்கார நேரமில்லை. ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் சிவப்பு ஓடியது. இதை முடித்துவிடுவோம் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் நெருக்காமலே, அவளுக்குத் தோன்றியது.

வலது பக்கம் முடிந்தது. இடது பக்கத்தில் சாக்பீஸால் வெளிக்கோடு போட்டுவிட்டுச் சாரத்திலிருந்து இறங்கினாள். பிரஷ்ஷைத் தின்னரில் அலசுவதுபோலப் பாவனை செய்துகொண்டு காத்திருந்தாள். ஒரு வார்த்தை போதும். அப்படிக் காத்திருக்கிறோம் என்பதை அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆனாலும் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கியிருந்தாள்.

தச்சர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். படகை ஓட்டப்போகும் டிரைவர் மஹ்மூது இடுப்பில் கைவைத்து நின்று மேலும் கீழும் பார்த்தான்.

"என்னத்த, காக்கா கிறுக்குன மாதிரி இருக்கு" என்றான்.

"ஆமா, ரொம்பச் சுமார்தான்" என்றான் பக்கத்தில் நின்றவன்.

பிறகு சீனி முகம்மது வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் வலை இழுக்கும் வின்ச் பக்கம் போய், அதில் வழிந்த கறுப்பு கிரீஸில் விரலை முக்கி எடுத்து வந்து, அவள் மிளகாய்ச் சிவப்பு முடியும் இடத்துக்குக் கீழே, காயாத பெயிண்டுக்குப் பக்கத்தில், அழுத்தி ஒரு கறையை இழுத்தார். லுங்கியில் விரலைத் துடைத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்.

செவ்வந்தி பிரஷ்ஷைத் தின்னர் டப்பாவின் மேல் அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் சீனி முகம்மதுவோடு பேச்சு தொடங்கியது. ராமநாதபுரம் வருவதற்குள் அவர் அவளுடைய வேலையைக் குப்பை என்று சொல்லியிருந்தார். முதுகுளத்தூரில் அவளுடைய ஊரைச் சொல்லிக் காட்டினார். கமுதியில் இறங்கும்போது அவர் மன்னிப்புக் கேட்டு, அவள் பெருந்தன்மையாக மன்னித்தும் ஆயிற்று. நிஜத்தில் அவர் இன்னும் அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

ஊருக்கு வந்தவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அய்யா செல்லச்சாமிக்கு இது புதிதில்லை. மிளகாய் மூட்டைகளைத் தைத்துக்கொண்டே மகள் அறையை ஒரு பார்வை பார்ப்பார், தட்டில் சோற்றை வைத்து மூடிவிட்டுப் போவார். அறைக்குள் செவ்வந்தி மதுரை நகரத்தில் ஒரு முழுக் கட்டடத்தின் சுவரில், அடியிலிருந்து மொட்டைமாடி வரை, மனதுக்குள் படம் வரைந்துகொண்டிருந்தாள். அருமையான படம். அதில் யாரும் கிரீஸ் பூச முடியாது.

போனை ரகசியமாகப் போட்டபோது சுஹாவின் அழைப்புகள் வரிசையாக நின்றன. பார்க்கும்போதே மறுபடி அடித்தது. அணைத்தாள். கொஞ்சம் கழித்துப் போட்டாள். மறுபடி அடித்தது.

வெளியிலிருந்து அய்யாவின் குரல் வந்தது. "எடுக்கணும்னா எடு ஆத்தா. இல்லையா, ஒரேயடியா அணைச்சுப் போடு. நீ அணைக்கவும் போடவும் கோழி மெரளுது."

ஒரேயடியாக அணைத்துப் போட்டாள்.

ஆனால் பிரஷ் உறுத்தியது. முதல் சம்பளத்தில் வாங்கிய மெல்லிய பிரஷ். கோடு இழுக்க அதைப்போல இன்னொன்று அவளுக்கு அமையவில்லை. அதைக் கழுவாமல் வேறு வந்துவிட்டாள். பெயிண்ட் காய்ந்தால் மயிரெல்லாம் கட்டியாகி வீணாகிவிடும். படகை ஜூன் பதின்மூன்றாம் தேதி கடலில் இறக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். பதினான்காம் தேதி போனால் அந்த இடத்தில் ஈ காக்கா இருக்காது. வேறொரு ஆளை வைத்து அவள் படத்தின் மேல் வெள்ளை அடித்திருப்பார்கள். அதைப் பார்க்கவும் வேண்டியிருக்காது. பெயிண்ட் சாமான் வைக்கும் கொட்டகைக்குள் புகுந்து பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம்.

பதினான்காம் தேதி முதல் பஸ்ஸைப் பிடித்தாள்.

மண்டபத்தில் இறங்கி, துறைப் பக்கம் திரும்பியதும் காதில் மைக் செட் விழுந்தது. இன்னும் நாலு எட்டு வைத்ததும் கூட்டம் தெரிந்தது. ஊர் முழுக்க அங்கேதான் நின்றது. பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்தவர்கள், ஐஸ் வண்டியின் மேல் ஏறி நின்றவர்கள், வடக்கயிற்றைப் பிடித்து வரிசை கட்டியவர்கள். நடுவில், உருளைக் கட்டைகளின் மேல், கலர் பேப்பர் தோரணத்தோடு ஜுவைரியா. அதன் அணியம் முழுக்கத் தார்ப்பாய் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது.

படகு இன்னும் இறங்கவில்லை. தார்ப்பாயைப் பார்த்ததும் காது மடல் சுட்டது. வெள்ளை அடிக்கக்கூட நேரமில்லாமல் மூடி மறைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

துப்பட்டாவை இழுத்து முகத்தைச் சுற்றிக்கொண்டு, கொட்டகைக்கு வளைந்து போகப் பார்த்தாள். கூட்டம் விடவில்லை. ஓர் அம்மா அவளைக் கையைப் பிடித்து நிறுத்தி, சீனியும் பேரீச்சம்பழமும் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் தாம்பாளத்தைத் திணித்தார். துஆ ஓதி முடித்ததும் எல்லாருக்கும் கொடு, சும்மா நிற்காதே என்றார். மறுக்க வாய் வரவில்லை. செவ்வந்தி தாம்பாளத்தோடு கூட்டத்தின் நடுவே நின்றாள். யாருக்கும் அவளைத் தெரியவில்லை. எப்போதும் அவள் விரும்பிய இடம் அதுதான். எல்லாரும் இருக்க வேண்டும், அவள் மட்டும் தெரியக்கூடாது.

பக்கத்தில் பேச்சு ஓடியது. நேற்றே இறங்க வேண்டிய படகாம். படம் போட்ட கமுதிக்காரப் பிள்ளை பாதியில் ஓடிவிட்டதாம். வரும் வரும் என்று சீனி முகம்மது ஒரு நாள் தள்ளிப் போட்டாராம். வேறு ஆளைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தை எழுதிவிடலாமே என்று மஹ்மூது கேட்டதற்கு, அந்தக் கை போட்ட இடத்தில் இன்னொரு கை படக்கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

செவ்வந்தி தார்ப்பாயை மறுபடி பார்த்தாள்.

முன்னால் நின்ற ஒரு வாலிபன், தார்ப்பாயைக் காட்டி, "உள்ள இருக்க படம் அம்புட்டு சூப்பரா இருக்காமே" என்று தொடங்கினான். தாம்பாளம் கொடுத்த அம்மா அவன் முதுகில் ஓர் அறை விட்டார்.

"வாயக் கழுவுலே. புதுப் படகு, இன்னும் தண்ணியில உக்காரல. அதுக்குள்ள நல்லாருக்கு, சூப்பரா இருக்குன்னு கண்ணூறு வைக்கிற. மொதல் நாளே அந்த மஹ்மூது காக்கா கிறுக்கல்னு சொல்லித்தான காப்பாத்தி வச்சிருக்கான்."

"தெரியும் மாமி. கிரீஸ்ல பொட்டும் வச்சாச்சாமே."

"வைக்காம? அம்புட்டு அழகுக்கு ஒரு பொட்டாச்சும் வேணாமா?"

அந்த அம்மாவே வாயைப் பொத்திக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

செவ்வந்தி கமுதியில் வளர்ந்தவள். பச்சைக் குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டு வைப்பதை நூறு தடவை பார்த்தவள். அவளே வைத்தவள். அந்தக் கறுப்பு விரல் அவள் சிவப்புக்குக் கீழே இறங்கியபோது அது மட்டும் எப்படி மறந்து போனது? இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்.

யோசிக்க விடாமல் மைக்கில் அறிவிப்பு வந்தது. ஜேசிபி பின்னாலிருந்து தள்ள, முன்னால் வடக்கயிறு இறுக, நூறு குரல்கள் ஒரே மூச்சாக ஏலேலோ போட்டன. உருளைக் கட்டைகள் கிறீச்சிட்டன. படகு ஒரு முழம் நகர்ந்து நின்றது. மறுபடி ஏலேலோ. நகர்ந்தது. பிறகு யார் சொல்லையும் கேட்காமல், தன் பாட்டில், சறுக்கிக்கொண்டே போய்த் தண்ணீரைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தது. கரையில் முன்வரிசை முழுக்க நனைந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். செவ்வந்தியும் போட்டாள். தான் போடுவது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

மேல்தட்டில் நின்ற மஹ்மூது கத்தியை எடுத்துத் தார்ப்பாய்க் கயிற்றை அறுத்தான். தார்ப்பாய் சரிந்தது.

காலை வெயில் நேராக வலது பக்கத்தில் விழுந்தது. தண்ணீரின் நெளிவு படத்தின் மேல் ஏறி, அவள் வரைந்த நீரோட்டமும் நிஜ நீரோட்டமும் சேர்ந்து ஓடின. அதன் பிறகு எழுந்த விசில் சத்தத்தில் மைக் செட் ஆள் பாட்டை நிறுத்திவிட்டான்.

"ஏலே, இப்பச் சொல்றேன் கேளுங்கடா" என்றான் மஹ்மூது மேலிருந்து. "இந்தக் கடக்கரையில இப்படி ஒரு முகம் எந்தப் படகுக்கும் கெடையாது. இத்தன நாள் அடக்கி வச்சு எனக்கு நெஞ்சே வலிச்சுப்போச்சு."

செவ்வந்திக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. அந்த நேரம் பார்த்து, மிதந்த படகு மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி, இடது பக்கத்தைக் கரைக்குக் காட்டியது. வெறும் வெள்ளை. அதில் அழிந்தும் அழியாமலும் சாக்பீஸ் கோடு.

"இந்தப் பக்கம் ஆரு, வெள்ளச் சேல கட்டுன ஜுவைரியாவோட மாமியாளா?" என்று யாரோ கேட்க, கரையே குலுங்கிச் சிரித்தது. சீனி முகம்மதுவும் சிரித்தார். ஆனால் அவர் கண் கூட்டத்துக்கு மேலாக பஸ் வரும் ரோட்டுக்குப் போய்த் திரும்பியது.

செவ்வந்தியின் கால்கள் பின்னால் நகர்ந்தன. இப்போது யாரும் அவளை வையவில்லை. ஊரே கொண்டாடுகிறது. ஆனாலும் கால்கள் போகத்தான் பார்த்தன. வலது பக்கம் இவ்வளவு நன்றாக இருக்கிறதே, இடது பக்கம் அதைப்போல வராவிட்டால்? இப்போது போய்விட்டால், பாதியிலும் என்ன ஒரு பாதி என்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஒற்றைக்கால் கோழியைப்போல, மறுபாதியை அவரவர் நினைத்துக்கொள்வார்கள்.

"தாம்பாளத்தையாச்சும் கொடுத்துட்டுப் போ."

சுஹா. மூச்சிரைக்க எதிரே நின்றாள். செவ்வந்தி தாம்பாளத்தை நீட்டினாள். சுஹா வாங்கவில்லை.

"பிரஷ் எடுக்கத்தான் வந்தேன்" என்றாள் செவ்வந்தி.

"பிரஷ் எங்கிட்ட இருக்கு. அன்னைக்கே அலசி வச்சுட்டேன். எத்தனையோ தடவ நீ காணாமப் போயிருக்க, பிரஷ்ஷக் கழுவாமப் போனதில்ல. அதப் பாத்துத்தான் விடாம போன் அடிச்சேன்."

"உங்க மாமா கறை பூசுனாரு."

"பூசத்தான் செய்வாரு. அது பொட்டுன்னு உனக்குத் தெரியாம இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல, அது எந் தப்பு. ஆனா நீ கேட்டிருக்கலாம்ல? நீதான் கேக்குறதுக்கு முன்னாடியே எல்லார் பதிலையும் நீயே சொல்லிக்கிறியே."

செவ்வந்தி தரையைப் பார்த்தாள். பிறகு, மனதுக்குள் யாரிடமும் சொல்லியிராத ஒன்றை வெளியே சொன்னாள்.

"அந்தப் பக்கம் மாதிரி இந்தப் பக்கம் வராது, சுஹா."

"வராட்டி?"

மனதுக்குள் செவ்வந்தி நடத்திய அத்தனை பேச்சிலும் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதே இல்லை.

சுஹா அதற்குமேல் காத்திருக்கவில்லை. கையைத் தூக்கி, கூட்டத்துக்கு மேலாக, "மாமா, ஆள் இங்கன நிக்குது" என்று ஒரு குரல் கொடுத்தாள். நூறு முகங்கள் திரும்பின.

சீனி முகம்மது நனைந்த லுங்கியோடு வந்தார். ஓடிப்போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடிந்தால் படகு கடலுக்குப் போக வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் கேட்டார். மறுபடி கரையேற்ற முடியாது, தண்ணீரில் நின்றபடியேதான் எழுத வேண்டும் என்றார்.

செவ்வந்தி தாம்பாளத்தைப் பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் படகைப் பார்த்தாள். துறையில் கிடந்த வத்தை என்னும் சின்னத் தோணியைப் பார்த்தாள்.

"வத்தை ஆடாமப் பிடிக்க ரெண்டு பேர் வேணும்" என்றாள்.

அவள் இதுவரை யாரிடமும் எதையும் பிடிக்கச் சொன்னதில்லை. ஏணியைக்கூட. ரெண்டு பேர் கேட்டதற்கு எட்டுப் பேர் தண்ணீரில் குதித்தார்கள். நெஞ்சளவுத் தண்ணீரில் மஹ்மூது வத்தையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். சுஹா பெயிண்ட் டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு வத்தைக்குள் உட்கார்ந்தாள். ஹெட்போன் கமுதியில் கிடந்தது. காதில் ஊர்ச் சத்தம் முழுக்க வந்து விழுந்தது.

மைக் செட் ஆளுக்கு இனி பாட்டுப் போட மனமில்லை. கபடிப் போட்டிக்கு வர்ணனை சொல்லிப் பழகியவன். "இதோ தங்கச்சி 'ஜு'வுல கைய வச்சுட்டாங்க. கீழ வளைவு, வளைவு, அருமையான வளைவு" என்று தொடங்கிவிட்டான். ஒவ்வொரு கோட்டுக்கும் கரை விசில் அடித்தது. 'வை' முடிந்தபோது பட்டாசே போட்டார்கள். செவ்வந்தியின் கை வியர்த்தது, பிரஷ் வழுக்கியது, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். வத்தை ஆட, படகு ஆட, இரண்டும் ஒரே பக்கம் ஆடும் கணத்தைப் பிடித்துக் கோடு இழுத்தாள். ஆட்டத்தோடு போகப் போகக் கை பழகியது.

'ரி'யின் வாலை இழுத்துக்கொண்டிருந்தபோது தூரத்தில் ஒரு படகு வேகமாகத் திரும்பியது. அதன் அலை வந்து வத்தையைத் தூக்கிப் போட்டது. பிரஷ் விலகி, வால் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி இழுத்துக்கொண்டு போனது.

கரை அடங்கியது. செவ்வந்தியும் அடங்கினாள். இந்த இடத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். பிரஷ்ஷைக் கழுவி வைக்கும் இடம் இது.

"'ரி' கொஞ்சம் சறுக்கிருச்சு" என்றான் மைக் செட் ஆள், ஒளிக்காமல்.

தண்ணீரில் நின்ற மஹ்மூது அண்ணாந்து பார்த்தான். "காலு சறுக்காத ஆளு இந்தத் துறையில ஆரு? அடுத்த எழுத்துக்கு வா, தங்கச்சி. தண்ணி குளுருது."

செவ்வந்தி பக்கென்று சிரித்துவிட்டாள். சறுக்கிய வாலை ஒரு பார்வை பார்த்தாள். துணியால் துடைத்துத் திருத்த முடியும். துடைக்கவில்லை. திரும்பி, கரைப் பக்கம் பார்த்து, அவ்வளவு பேர் கேட்க, "மைக்கக் கொஞ்சம் கொறைங்க அண்ணே, 'யா'வுக்குப் போறேன்" என்றாள். அதற்கு விழுந்த விசில்தான் அன்றைக்கு எல்லாவற்றிலும் பெரிய விசில்.

மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது பெயர் முடிந்தது. சாயங்கால அஸர் தொழுகைக்கு முன் நீரோட்டமும் முடிந்தது. இடது பக்கம் வலது பக்கத்தைப்போல இல்லை. கோடுகள் தடித்திருந்தன, அவசரமாக இருந்தன. சில இடங்களில் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டன. சிவப்பு, நினைத்ததைவிட நிறையச் சிந்தியிருந்தது. 'ரி' கொஞ்சம் கால் தாங்கி நின்றது. இரண்டு பக்கத்தையும் பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். மஹ்மூது இடது கட்சி.

சீனி முகம்மது வத்தையில் வந்து, வலது பக்கத்துக் கிரீஸ் கறையைக் காட்டி, தண்ணியில உக்காந்தாச்சு, இனித் துடைச்சிரவாம்மா என்று கேட்டார்.

"இருக்கட்டும்ணே" என்றாள் செவ்வந்தி.

சாப்பாட்டுக்கு அவள் நிற்கவில்லை. அவ்வளவு முகங்களை ஒரே நாளில் பார்த்ததில் தலை விண்ணென்று தெறித்தது. சுஹாவிடம் போறேன் என்று சொல்லிக்கொண்டாள். முன்பெல்லாம் சொல்லாமலே போய்விடுவாள். பஸ்ஸில் ஏறியதும் யாரும் கூப்பிடாதபடி போனை அணைத்தாள். ராமநாதபுரம் வந்ததும், ஒளிக்காமல், மறுபடி போட்டாள். மறுநாள் விடியலில் ஜுவைரியா மற்றப் படகுகளோடு கடலுக்குப் போனபோது அவள் அறையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஜூலை முதல் வாரம் பாம்பனில் மஹ்மூதின் மச்சான் படகுக்குப் பெயர் எழுத ஒத்துக்கொண்டிருக்கிறாள். இடது பக்கத்திலிருந்து தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறாள்.